சுவருக்கு அந்தப் பக்கம்

என்னோடு ஒரே பாயில் உட்கார்ந்து ஞானோபதேசம் படித்தவர்களில் இப்போது திண்டுக்கல்லில் ஐந்து பேர்தான் மிச்சம் இருக்கிறோம். நாலு பேருக்குச் சர்க்கரை, ஒருத்திக்கு மூட்டுவலி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவில் வாசலில் நின்று பேசும்போது நீங்கள் இன்னும் அந்தப் பழைய கதையை எடுக்கிறீர்கள். போன மாதம்கூட உங்களில் ஒருத்தி தன் மருமகளிடம் என்னைக் காட்டி, "ஒம்போது வயசுல சாகக் கெடந்த தம்பிக்கு ஞானஸ்நானம் குடுத்தவ இவ" என்றாள். நான் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அதற்கு முந்தின நாள்தான் நம் தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கிற அன்பியத்தில் அந்தச் சின்னப் பெண்ணின் குழந்தையை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தோம். பிறந்து நாலே நாள். புதுச் சாமியார் பாட்டுப் பாடி, தீர்த்தம் தெளித்து, எல்லோரையும் போலவே கல்லறைத் தோட்டத்துக்கு உள்ளே வைத்தார். ஞானஸ்நானம் ஆயிற்றா என்று யாரும் கேட்கவில்லை. யாராவது கேட்டுவிடுவார்களோ என்று என் உள்ளங்கை மட்டும் வேர்த்துக்கொண்டே இருந்தது. ஐம்பது வருடம் தாண்டியும் அந்தப் பயம் உடம்பை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நேரில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுவேன்.

நமக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த உபதேசியாரின் தேங்காயை நீங்கள் மறந்திருக்க முடியாது. அப்போதுதான் பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறியிருந்தது. பெரியவர்களே எங்கே எழுந்து நிற்பது, எங்கே முழங்காலிடுவது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த காலம். ஆனால் உபதேசியார் பாடத்தில் மட்டும் எதுவும் மாறவில்லை. முதல் தடவையாக நற்கருணை வாங்க, புதுநன்மைக்குத் தயாராகிற பிள்ளைகளைச் சனிக்கிழமை காலையில் வராந்தாவில் உட்காரவைத்து, மட்டை உரித்த ஒரு தேங்காயைக் கொண்டுவந்து பலகையில் வைப்பார்.

"இதுதான் சாகக் கெடக்குற குழந்த. சாமியார் ஊர்ல இல்ல. நானும் இல்ல. நீதான் இருக்க. என்ன செய்வ?"

ஒவ்வொருவராக எழுந்துபோய் ஈயத் தம்ளரில் தண்ணீர் மொண்டு தேங்காய் மேல் ஊற்ற வேண்டும். ஊற்றிக்கொண்டே குழந்தையின் பெயரைச் சொல்லி, 'பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உன்னைக் கழுவுகிறேன்' என்று முழுதாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் முந்திவிட்டாலும் தப்பு, வார்த்தை முந்திவிட்டாலும் தப்பு. தப்பினால் பிரம்பு பலகையில் இறங்கும். "போச்சு! குழந்த போச்சு!" என்று கத்துவார். நாம் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொள்வோம். ஞானஸ்நானம் இல்லாமல் சாகிற குழந்தை மோட்சத்துக்கும் போகாது, நரகத்துக்கும் போகாது, நடுவில் வெளிச்சம் இல்லாத ஓர் இடத்தில் கிடக்கும், தாயும் பிள்ளையும் மறுபடி பார்த்துக்கொள்ளவே முடியாது என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் நம்மைப் பார்க்க மாட்டார்.

எங்கள் வீட்டில் அந்த வருடம் தம்பி பிறந்திருந்தான். எனக்குப் பிறகு ஒன்பது வருடம் கழித்து வந்தவன். அம்மாவின் சின்னாளப்பட்டிச் சேலை ஒன்று, ஊதா நிறத்தில் வெள்ளைப் புள்ளி வைத்தது, தொட்டிலாக விட்டத்தில் தொங்கியது. அவன் கால் உதைத்தால் புள்ளிகள் எல்லாம் சேர்ந்து குதிக்கும். வீடு முழுக்க வசம்பு வாசம்.

எட்டாம் நாளே கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். அப்பாதான் தள்ளிப் போட்டார். பட்டாளத்தில் இருந்த பெரியப்பா லீவில் வந்து ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும், அவர் பெயரையே பிள்ளைக்கு வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அம்மாவுக்கோ, கிணற்றில் விழுந்து செத்துப்போன தன் தம்பியின் பெயர்தான் வேண்டும். இந்தா வருகிறேன் என்று பெரியப்பாவிடமிருந்து கடிதம் வரும், பின்னாலேயே வர முடியவில்லை என்று இன்னொன்று வரும். நாற்பது நாள் தாண்டியது. பிள்ளைக்குப் பெயரே இல்லை. நாங்கள் 'தம்பி' என்றோம், பக்கத்து வீட்டுப் பாயம்மா 'ராஜா' என்பார்.

"பச்சப் புள்ளய இப்பிடி வச்சிருக்கக் கூடாதுங்க" என்று அம்மா சொல்வாள்.

"இன்னும் ஒரு வாரந்தான். எங்கண்ணன் வராம எப்பிடி?" என்பார் அப்பா.

அப்பாவுக்கு ஒரு மண்டிக்காகச் சிறுமலையில் வாழைத்தார் பிடிக்கிற வேலை. தோட்டம் தோட்டமாகப் பார்த்து, குதிரை முதுகில் தார்களை ஏற்றி, லாரி நிற்கிற இடத்துக்கு இறக்கிவர வேண்டும். மலைக்குப் போனால் இரண்டு மூன்று நாள் ஆகிவிடும். அந்தப் பங்குனி மாதத்திலும் அப்படித்தான் போயிருந்தார்.

தம்பிக்கு வயிற்றுப்போக்கு தொடங்கியது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் அழுவதை நிறுத்திவிட்டான். உச்சியில் துடிக்கிற இடம் உள்ளே குழிந்திருந்தது. அம்மா சங்கில் ஊற்றிய பால் கடைவாயில் வழிந்தது. வெளியே மலைக்கோட்டைப் பாறை அனல் கக்கிக்கொண்டிருக்க, தெருவில் ஒரு ஆள் இல்லை.

"தம்பியப் பாத்துக்க தாயி. வண்டியக் கூட்டிட்டு வாரேன், பெரியாஸ்பத்திரிக்குப் போயிருவோம்" என்று சொல்லிவிட்டு அம்மா தலைமுடியைக்கூட முடியாமல் ஓடினாள்.

நான் அவனை மடியில் வைத்திருந்தேன். திடீரென்று அவன் உடம்பு விறைத்தது. கண் மேலே செருகிக்கொண்டது. விரல்கள் என் பாவாடையைப் பிடித்து இழுத்தன. எனக்குத் தேங்காய் ஞாபகம் வந்தது. அவனைப் பாயில் கிடத்திவிட்டு ஓடிப்போய்க் குடிதண்ணீர்ப் பானையில் தம்ளரை முக்கினேன். வந்து அவன் தலைக்கு மேல் பிடித்தேன். முதலில் பெயர் சொல்ல வேண்டும்.

பெயர் இல்லை.

எந்தப் பெயர்? அப்பா சொன்னதா, அம்மா சொன்னதா? தப்பான பெயரைச் சொன்னால் குழந்தை போச்சே? நான் யோசித்துக்கொண்டிருக்கையிலேயே தம்ளர் சாய்ந்து தண்ணீர் கொட்டிவிட்டது. நெற்றியில் ஓடிக் காதுக்குள் போயிற்று. "பிதா, சுதன்..." என்றேன். அவன் உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது. தம்ளர் கையிலிருந்து விழுந்து கணகணவென்று உருண்டு வாசல்படியில் முட்டி நின்றது. அதற்கப்புறம் வீட்டில் சத்தமே இல்லை. மீதி வார்த்தைகளை நான் சொல்லவில்லை.

அம்மா ஜட்காவோடு வந்தபோது பாயம்மாவும் கூடவே ஓடிவந்தார். குழந்தையின் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "யா அல்லாஹ்" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்மா கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"தலையெல்லாம் ஈரமா இருக்கே. ஏன்டி ஈரமா இருக்கு?"

"தண்ணி ஊத்துனேம்மா."

உபதேசியார் சாயங்காலம் வந்தார். ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளைக் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, உடைமரத்து முள்ளுக்குள் புதைப்பதுதான் அப்போது நம் பங்குக் கோவிலில் வழக்கம். மணி கிடையாது, பாட்டு கிடையாது, சாமியார் வர மாட்டார். வெளியே குழி வெட்டச் சொல்லிவிட்டுத்தான் உபதேசியார் வந்திருந்தார். அம்மா என்னைப் பிடித்து அவர் முன்னால் நிறுத்தினாள்.

"இவ ஊத்திருக்கா. கேளுங்க. எம்மக ஊத்திருக்கா."

அவர் என் உயரத்துக்குக் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"தலையில ஊத்துனியா? தண்ணி ஓடுச்சா?"

"ஓடுச்சு."

"உசிரு இருக்கயிலயா?"

"ஆமா."

"வார்த்தயெல்லாம் முழுசாச் சொன்னியா?"

அவர் தோளுக்குப் பின்னால் அம்மாவின் முகம் தெரிந்தது. வாயைக் கொஞ்சம் திறந்தபடி மூச்சுவிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் யாராக இருந்தாலும் அந்த முகத்துக்கு முன்னால் நான் சொன்னதைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

"சொன்னேன்."

"என்ன பேரு வச்ச?"

அம்மா விரும்பிய பெயரைச் சொன்னேன்.

உபதேசியார் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். வெயிலில் நடந்து வந்த வியர்வை என்று நினைத்தேன். எழுந்து தெருவுக்குப் போய், "உள்ள வெட்டச் சொல்லு, உள்ள" என்று யாரிடமோ கத்துவது கேட்டது. தம்பியை உள்ளே வைத்தார்கள். சின்ன மணி அடித்தது. அப்பா மறுநாள் மத்தியானம் வாழைத்தார் லாரியிலேயே வந்து இறங்கினார். சட்டையெல்லாம் வாழைக்கறை. மண்மேட்டைத்தான் அவர் பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமை என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். உபதேசியார் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, "இவளப் பாருங்க, இவதான் படிச்ச பிள்ள" என்றார். நாலணா அகலத்தில் ஒரு மாதா சுரூபத்தை நீலக் கயிற்றில் கோத்து என் கழுத்தில் போட்டார். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். அந்தத் தகடு நெஞ்சில் பட்ட இடம் சுட்டது. வீட்டுக்குப் போனதும் கழற்றி அரிசிப் பானைக்குள் புதைத்தேன். பிறகு தேடியபோது கிடைக்கவில்லை. கடைசிவரை கிடைக்கவே இல்லை.

அம்மாவுக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. பாயம்மா பூ மார்க்கெட்டிலிருந்து மல்லிகைப்பூ வாங்கிவந்து அம்மாவின் மார்பில் வைத்துக் கட்டிவிட்டார். பூ வைத்துக் கட்டினால் பால் வற்றுமாம். புளித்த பால் வாசமும் வாடின மல்லிகை வாசமும் சேர்ந்து அந்த அறையில் நின்றது. இன்றைக்கும் கல்யாண வீடுகளில் மல்லிகைச் சரத்தை நீட்டினால் நான் வேண்டாம் என்றுவிடுவது ஏன் என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

அந்த அறையில் படுத்தபடி அம்மா தினமும் என்னைக் கூப்பிடுவாள்.

"இங்க வா. எப்பிடி ஊத்துன, சொல்லு."

"தம்ளர்ல மோந்து, தலையில..."

"அப்ப தம்பி என்ன பண்ணுனான்?"

முதல் நாள், "சும்மா கெடந்தான்" என்றேன். அம்மா அதற்கே கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாம் நாள், "கண்ணத் தொறந்து பாத்தான்" என்றேன். ஒரு வாரத்தில் தம்பி சிரித்துவிட்டான். பொய் என் கையை விட்டுப் போய்த் தானாக வளர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை கேட்ட பிறகும் அம்மா கொஞ்சம் கஞ்சி குடிப்பாள். ஆகவே நிறுத்தவும் முடியவில்லை. அப்பா மலைக்குப் போவதை விட்டுவிட்டார், கோவிலுக்கும் வரவில்லை. நான் சொல்லத் தொடங்கினாலே எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். தெருவில் அவரைச் சோம்பேறி என்றார்கள். ஒரே ஒரு நாள் என்னிடம், "என்ன பேரு சொன்ன?" என்று கேட்டார். சொன்னேன். "நல்லது" என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மே மாதம் புதுநன்மை. அதற்கு முன்னால் முதல் பாவசங்கீர்த்தனம். பாவத்தை மறைத்துவிட்டு நன்மை வாங்கினால் நாக்கில் ரத்தம் வரும் என்று உங்களில் ஒருத்திதான் சொன்னாள். வெளியே வைக்க வேண்டிய பிள்ளையை உள்ளே வைத்தது தெரிந்தால் தோண்டி எடுத்து முள்ளுக்குள் போட்டுவிடுவார்கள் என்று சொன்னதும் அவள்தான். அவளைக் குறை சொல்லவில்லை. அவளுக்கும் ஒன்பது வயது.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் கல்லறைத் தோட்டத்துக்கு ஓடுவேன். மேடு அப்படியே இருக்கிறதா? அம்மா வைத்த மூன்று கற்கள் அதே இடத்தில் இருக்கின்றனவா? நாய் கிளறிய தடம் இருந்தால்கூட மண்ணைக் கையால் அள்ளி மூடுவேன். ஒருநாள் குழி வெட்டுகிறவர் மண்வெட்டியோடு தம்பியின் வரிசையிலேயே நின்றுகொண்டிருந்தார். யாரோ ஒரு பெரியவருக்குக் குழி எடுக்க இடம் பார்த்திருக்கிறார். எனக்கு அது எப்படித் தெரியும்? "தோண்டாதீங்க! தோண்டாதீங்க!" என்று அலறினேன்.

"ஏலே, யாரு அது?" என்று அவர் திரும்பியதும் ஓட ஆரம்பித்தவள் வீட்டில் வந்துதான் விழுந்தேன். சாயங்காலம் உடம்பு கொதித்தது. சோறு தொண்டையில் இறங்கவில்லை.

"புள்ள எதையோ பாத்துப் பயந்திருக்கு" என்று பாயம்மா என்னைப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போய் ஹஜ்ரத்திடம் தண்ணீர் ஓதி வாங்கித் தந்தார். அத்தை வந்து, "தம்பி ஏக்கம்" என்றாள். வைத்தியர் பூச்சி மருந்து கொடுத்தார். பாயம்மா சொன்னதுதான் கிட்டத்தில் வந்தது. ஆனால் அவரும் என்னிடம், எதைப் பார்த்துப் பயந்தாய் என்று கேட்கவில்லை. ஒரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

பாவசங்கீர்த்தனம் சனிக்கிழமை காலையில். நீங்கள் எல்லோரும் எனக்கு முன்னால் போனீர்கள், நான் பின்னால் பின்னால் நகர்ந்து கடைசி ஆளானேன். பங்குச் சாமியார் கடற்கரை ஊர்க்காரர், இழுப்பு நோய் உள்ளவர். பாவசங்கீர்த்தனத் தொட்டியின் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவருடைய மூச்சு விசில் மாதிரி கேட்கும், கிராம்பு வாசம் வரும். நான் மனப்பாடம் செய்த ஜெபத்தை விட்டுவிட்டு நேராகக் கேட்டேன்.

"சாமி, எந்தம்பியத் தோண்டி எடுத்துருவீங்களா?"

விசில் சத்தம் நின்றது. பிறகு, "யாரு சொன்னா? மொதல்லேர்ந்து சொல்லு" என்றார். சொன்னேன். பெயர் இல்லாதது, தண்ணீர் முந்திக்கொண்டது, பிதா சுதனோடு நின்றது, சிரித்தான் என்று சொன்னது, சுரூபம், எல்லாம்.

"ஒருத்தரும் தோண்ட மாட்டாங்க. தொட விட மாட்டேன். இத நீ எங்கிட்ட சொன்னது எனக்கும் ஆண்டவருக்குந்தான் தெரியும், நான் யார்ட்டயும் சொல்லவும் கூடாது. பயப்படாத." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "ஒனக்கு அபராதம் ஒண்ணே ஒண்ணு. அம்மாகிட்ட நீயே உண்மையச் சொல்லிரு. பொய்ய வச்சிக்கிட்டு ரெண்டு பேரும் எத்தன நாள் தூங்காம இருப்பீங்க?"

ஒன்பது வயதுப் பிள்ளையின் தலையில் அவ்வளவு பெரிய அபராதத்தை வைத்திருக்க வேண்டுமா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு. வீட்டுக்கு வருகிற வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன்.

அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா கொல்லைப்படியில் உட்கார்ந்திருந்தார். நின்றபடியே சொல்லி முடித்தேன். அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"பேரு?"

"பேரே சொல்லலம்மா. தெரியல எனக்கு, எந்தப் பேருன்னு."

அம்மா அடிப்பாள் என்று நினைத்துக் கண்ணை மூடினேன். அடி விழவில்லை. அப்பாதான் கொல்லைப்படியிலிருந்து உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "நாந்தான். அண்ணன் வரட்டும், அண்ணன் வரட்டும்னு நாந்தான் எம்புள்ளயக் கெடுத்தேன்." ஆண்கள் அப்படி அழுவார்கள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. அம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. படுத்துக்கொண்டாள்.

புதுநன்மை அன்று அவள் கோவிலுக்கு வந்தாள். ஆனால் பெண்கள் பக்கம் உட்காராமல் வாசல் தூணோரம் நின்றாள். நான் நன்மை வாங்கிவிட்டுத் திரும்பி வரும்போது பார்த்தேன், அங்கே இல்லை. பூசை முடிவதற்குள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். நாக்கில் ரத்தம் வரவில்லை. அதைத் தவிர அந்த நாளைப் பற்றி என்னிடம் சந்தோஷமாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

இரண்டு வாரம் அம்மா என்னோடு பேசவில்லை. சோறு போடுவாள், தலை பின்னிவிடுவாள், பேச மாட்டாள். அப்புறம் ஒரு மத்தியானம் பங்குச் சாமியார் வீடு சந்திக்க வந்தார். "தோத்திரம் சாமி" என்று அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் உட்கார்ந்ததுமே அம்மா தொடங்கிவிட்டாள். என்னை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு நடந்ததை அவளே சொன்னாள். அவர் புதிதாகக் கேட்பவர் போல முழுதாகக் கேட்டார்.

"இப்ப எம்புள்ள எங்க சாமி இருக்கான்? எனக்காக ஒண்ணச் சொல்லாதீங்க. தெரிஞ்சதச் சொல்லுங்க."

சாமியார் நெஞ்சைத் தடவிக்கொண்டார். புத்தகத்தில் இருப்பதைச் சொல்லப்போகிறார் என்று நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

"தெரியாது தாயி" என்றார். "நான் படிச்ச படிப்புல ஒண்ணு எழுதிருக்கு. அத ஒங்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா ஒண்ணு தெரியும். மாதா செத்த தம் மகன மடியில போட்டு அழுதாங்க. அவங்க கையில ஒம்புள்ளயக் குடு. இவனுக்கு யாரு தண்ணி ஊத்துனா, என்ன பேரு சொன்னான்னு கேட்டுட்டா வாங்குவாங்க? தண்ணி ஊத்தச் சொன்னது நமக்கு வச்ச சட்டம். ஆண்டவரு கையக் கட்டிப்போட வச்சதில்ல."

அம்மா அப்போதுதான் அழுதாள். தம்பி செத்த நாளிலிருந்து அவள் அப்படிச் சத்தம் போட்டு அழுதது அதுதான் முதல் தடவை. பாயம்மா பயந்துபோய் எட்டிப் பார்த்தார். அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டே அம்மா இன்னொன்று கேட்டாள்.

"அப்ப செவுத்துக்கு வெளிய கெடக்குற புள்ளைங்க, சாமி? அதுகளுக்கும் இப்பிடித்தான?"

அப்பா கொண்டுவந்து வைத்த காபியைச் சாமியார் தொடவே இல்லை. எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலையில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். தம்பியின் மேட்டில் கொஞ்ச நேரம் முழங்காலிட்டு இருந்துவிட்டு, சுற்றிக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் நடந்தாள். நான் அங்கே போனதே இல்லை. உடைமரத்து முள், உடைந்த சட்டி, ஆட்டுப் புழுக்கை. நடுநடுவே முழ நீளத்துக்குச் சின்னச் சின்ன மேடுகள். சிலவற்றின் மேல் ஒற்றைக் கல், சிலவற்றின் மேல் அதுவும் இல்லை. அம்மா எண்ணிப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் நின்று சிலுவை போட்டாள்.

"இவுக அம்மாமாருக்குப் பொய் சொல்ல ஒரு மககூட இல்லையேடி" என்றாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது. அதில் கோபம் இல்லை. என் தலையைத் தன் இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கியது.

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் அம்மா அங்கே போக ஆரம்பித்தாள். அப்பா அரிவாளோடு கூடவே போய் முள் வெட்டினார். திரும்பி வரும் வழியில் கோவிலுக்குள் போய் மாதா பீடத்துக்கு முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் அப்பா, மலைக்குப் போகிறேன் என்றார். "போயிட்டு வாங்க" என்றாள் அம்மா. அந்த மூன்று நாளும் அவள் தூங்கவில்லை. ஆனாலும் போக விட்டாள். தம்பியைப் பெயர் சொல்லியே ஜெபத்தில் நினைக்கவும் பழகினாள். தன் தம்பியின் பெயரையும் பெரியப்பாவின் பெயரையும் சேர்த்தே சொல்வாள்.

கல்லறைத் திருநாள் நெருங்கியபோது அம்மா வீடு வீடாகப் போனாள். எந்தெந்த வீட்டில் கேட்க வேண்டும் என்பது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ. "ரெண்டாந்தேதி சாயங்காலம் வெளிய மெழுகுதிரி கொளுத்துவோம், வாரீகளா?" என்பாள். சிலர் கதவை மூடினார்கள். சிலர் வாசலிலேயே அழுதார்கள். உபதேசியார் வீட்டுக்கு மட்டும் அவள் போகவில்லை. விஷயம் தெரிந்தால் அவர் சும்மா விட மாட்டார் என்று பாயம்மாவே பயந்தார். "எதுக்கு வம்பு? வீட்லயே தொழுதுக்க" என்றார். எனக்கும் அதே பயம்தான். இதனால் எல்லாம் கிளறப்பட்டு, கடைசியில் தம்பியையும் வெளியே எடுத்துவிட்டால்?

நவம்பர் இரண்டாம் தேதி சாயங்காலம் உள்ளே ஒரே கூட்டம். நீங்கள் எல்லோரும் உங்கள் வீட்டுக் கல்லறைகளில் சாமந்தி தூவிக்கொண்டிருந்தீர்கள். வெளியே முள் வெட்டிய இடத்தில் ஏழெட்டுப் பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார்கள். காற்று திரியை அணைக்கும், அவர்கள் மறுபடி பற்றவைப்பார்கள். உள்ளே சாமியார் கல்லறைகளுக்கு வரிசை வரிசையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வருவது பாட்டுச் சத்தத்தில் தெரிந்தது. உபதேசியார்தான் தீர்த்தச் செம்பைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடப்பவர். சத்தம் சுவருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பிறகு கேட் திறந்தது.

சாமியார் மூச்சு வாங்கிக்கொண்டே சுவரைச் சுற்றி எங்கள் பக்கம் வந்தார். பெண்கள் ஒதுங்கினார்கள். உபதேசியார் மூலையிலேயே நின்றுவிட்டார். அவர் பார்வை அம்மாவையும் திரிகளையும் கடந்து என்மேல் வந்தது. நான் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். போச்சு, எல்லாம் தெரிந்துவிட்டது, இனிமேல் தோண்டச் சொல்வார் என்றுதான் நினைத்தேன்.

"செம்பக் கொண்டாங்க" என்றார் சாமியார்.

உபதேசியார் கொண்டுவந்து கொடுத்தார். சாமியார் முதல் மேட்டில் தீர்த்தம் தெளித்து ஜெபத்தைத் தொடங்கினார். உபதேசியார் பதில் ஜெபம் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. நான் மெல்ல எட்டிப் பார்த்தேன். அவர் எங்களைத் தாண்டி நடந்து போய்க்கொண்டிருந்தார். யாரும் திரி வைக்காத ஓர் இடம், சுவரை ஒட்டிச் சாய்ந்த மரத்தடி. வழி கேட்காமல், கீழே பார்க்காமல், இருட்டில் தன் வீட்டுக்குள் நடக்கிறவர் மாதிரி நேராகப் போய் நின்றார். குனிந்து கையால் சருகை ஒதுக்கினார். பிறகு திரும்பி அம்மாவிடம் வந்தார். பிரம்பு பிடிக்கிற அந்தக் கை நீண்டிருந்தது.

"ஒரு திரி மிச்சம் இருக்கா தாயி?" என்றார். "எம் மூத்த மக. பொறந்து ஒரு ராத்திரிதான் இருந்தா."